நான்கு பேரின் கஸ்டர்ட்

என் செல்ல மகளுக்கு,

நீ அனுப்பிய நாவலின் இரண்டாம் பாகத்தை நேற்று முடித்துவிட்டோம். ஆம், 'முடித்துவிட்டோம்'தான். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சிறை அறைக் கதவுகளைப் பூட்டும்வரை நான் உரக்க வாசிக்கிறேன், நான்கு பேர் கேட்கிறார்கள்.

"என்னய்யா, சின்னப் பொண்ணுங்க படிக்கிற பேய்க் காதல் கதையா?" என்று முதலில் கேலி செய்தவன் அந்த நால்வரில் ஒருவனான டெக்லன். இப்போது நான் தும்மினால்கூட, "மேல படிய்யா!" என்று கத்துகிறான்.

போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, மாளிகைப் பிரபு கதாநாயகியைப் பூட்டி வைக்கவில்லை, அடைபட்டுக் கிடப்பவனே அவன்தான் என்று? இவர்களிடம் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இனிப்பாகத் தரும் கஸ்டர்டைப் பந்தயம் வைத்தோம்.

கடைசி அத்தியாயத்தில் அவள் சாவியோடு போய் அவன் கதவைத் திறந்தாள். டெக்லன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒம் பொண்ணு எப்பிடிய்யா கண்டுபிடிச்சா?" என்றான்.

"எம் பொண்ணாச்சே!" என்றேன்.

நான்கு பேரின் கஸ்டர்டையும் நானே தின்றேன். வயிறு வலித்தது. ஒரு கரண்டிகூட விட்டுக்கொடுக்கவில்லை.

மூன்றாம் பாகம் அக்டோபர் பதினான்காம் தேதி கடைக்கு வருகிறதாம். என்னைப் பதினொன்றாம் தேதி விடுதலை செய்து அனுப்புகிறார்கள். நீயும் உன் தோழிகளும் கதாநாயகியைப் போலக் கறுப்பு லேஸ் கவுனோடு விடியும் முன்பே கடை வாசலில் நிற்பீர்கள் என்று தெரியும். எனக்கும் ஓர் இடம் பிடித்து வை.

இந்த ஆள் யார் என்று அவர்கள் கேட்டால், அப்பா என்று சொல்லச் சங்கடமாக இருந்தால், இவரும் ஒரு வாசகர் என்று சொல்லிவிடு. அதற்கும் நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா