வல்லாரைச் சம்பலில் மாசி

2005 தை, செவ்வாய் இரவு. தேற்றாத்தீவு.

படுத்தும் தூக்கம் வரவில்லை. மத்தியானச் சாப்பாடு திரும்பத் திரும்ப நினைவில் வருகிறது.

போன மாதம் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு இங்கே ஒருவரும் மீன் தின்பதில்லை; கடல் கொண்டுபோனவர்களை மீன் தின்றிருக்கும் என்ற பயம். கல்குடாவில் மகளைப் பறிகொடுத்துவிட்டு எங்களோடு வந்திருக்கும் என் கணவரின் தங்கை, மீன் என்ற சொல்லையே எடுப்பதில்லை. பிள்ளையின் உடல் இன்னும் கிடைக்கவில்லை. அதனால் தினமும் ஏதாவது இலைச் சம்பல்தான். இன்று வல்லாரையைப் பொடியாக அரிந்து, வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ சேர்த்து, தேசிக்காய் பிழிந்தேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். மாசிக் கருவாடு இல்லாமல் இந்த வீட்டில் நான் சம்பல் போட்டதே இல்லை. கை தன்பாட்டில் போத்தலைத் திறந்து, இடித்த மாசியைத் தூவிவிட்டது.

இரண்டு வாய் தின்றதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“மாசி போட்டீங்களா மச்சாள்?”

“தெரியாமப் போட்டுட்டன் மச்சாள். பழைய மாசி. கடல் வாறதுக்கு முந்தி வாங்கினது” என்றேன்.

சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். கை கழுவப் போகிறாள் என்று நினைத்தேன். எழும்பவில்லை. சம்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப, என்ட புள்ள இருக்கக்குள்ள புடிச்ச மீன்” என்றாள்.

கோப்பையை இழுத்து, ஒரு பருக்கை விடாமல் தின்றாள். இரவுக்கும் அதே சம்பலைக் கேட்டாள்.

போத்தலில் இன்னும் ஒரு கரண்டி மாசிதான் கிடக்கிறது.