எண்ணெய் பட்ட தொலைபேசி

ஓல்போர்க், டென்மார்க்
9.4.1989

அன்பின் அத்தானுக்கு,

இந்த உறையைப் பிரித்து வாசிக்கிறீர்கள் என்றால் அதற்கே முதலில் நன்றி. நானும் அண்ணையும் சுகம். பேசாலையில் நீங்களும் மாமியும் எப்படி இருக்கிறீர்கள் என்று ஜனவரிக்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. நான் எழுதிய கடிதம்தான் அதற்குக் காரணம் என்பது மட்டும் தெரியும்.

இங்கே பனி முடிந்துவிட்டது, காற்று முடியவில்லை. நான் இன்னும் அந்தக் கடற்கரைக் குளியல் விடுதியில்தான் துப்புரவு வேலை செய்கிறேன். ஜெர்மனியிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் ஆட்கள் ஒரு கிழமை விடுமுறையில் வருவார்கள். நீராவி அறையில் இருந்து வியர்த்து, அப்படியே ஓடிப்போய்க் குளிர்ந்த கடலில் விழுந்து, சிவந்துபோய்ச் சிரித்துக்கொண்டு ஏறுவார்கள். வருத்தம் ஒன்றும் இல்லாதவர்களுக்கு இவ்வளவு வைத்தியமா என்று தொடக்கத்தில் நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. மாலியாதான் என்னை மாற்றியவர்.

மாலியா ஹவாய்த் தீவில் பிறந்தவர். டெனிஷ் கப்பல் என்ஜினியர் ஒருவரை மணந்து இங்கே வந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது கூட. போன ஓகஸ்டில் முதலாளி அம்மா அவரை மசாஜ் செய்ய வேலைக்கு எடுத்து, அறைக்குக் கடுதாசிப் பூமாலையும் அலைச்சத்தம் கேட்கும் கசட்டும் வாங்கி வைத்தார். உண்மையான கடல் வெளியே இரையும்போது கசட் எதற்கு என்று மாலியா யன்னலைத் திறந்துவிட்டார். பூமாலையை எனக்குத் தந்தார். அது எங்கள் மாதா படத்தில் கிடக்கிறது.

துவாய் கொண்டுபோகும்போது அவர் வேலை செய்வதைக் கண்டிருக்கிறேன். முதலில் கண்ணை மூடி ஒரு செபம். பிறகு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை முன்கையால் முதுகின் மேல் நீளமாக, ஆறுதலாக இழுப்பார். பார்த்துக்கொண்டு நின்றாலே மூச்சு நிதானப்படும். ஆனால் கட்டிலில் ஏற்றுமுன் ஆளைக் கதிரையில் இருத்தி, யாரோடாவது கோபமா என்று கேட்பார். அவருடைய வீட்டில் ஒருவருக்கு வருத்தம் என்றால் பெரியம்மா உடனே எண்ணெய்ப் போத்தலைத் தொடமாட்டாராம். வீட்டாரைக் கூட்டி இருத்தி, யாருக்கு யாரோடு மனத்தாங்கல் என்று விசாரித்து, பிழை விட்டவர் மன்னிப்புக் கேட்டு, மற்றவர் ‘விட்டுவிட்டேன்’ என்று வாயால் சொன்ன பிறகுதான் கை வைப்பாராம். ஹவாயில் எல்லாரும் இப்படித்தானா என்று கேட்டேன். தன் வீட்டைப் பற்றித்தான் தனக்குத் தெரியும் என்றார்.

ஹம்பேர்க்கிலிருந்து வந்த பல் வைத்தியர் ஒருவர் பாதி மசாஜில் எழும்பி, குளியல் அங்கியோடு வரவேற்பு மேசைக்குப் போய்த் தமையனுக்கு ஃபோன் எடுத்தார். பதினொரு வருடக் கோபமாம். அடுத்த நாள் இரண்டு பேர் எடுத்தார்கள். இது குளியல் விடுதியா கோயிலா என்று முதலாளி அம்மா கத்தினார். ஆனால் போகிறவர்கள் அடுத்த வருடத்துக்கும் அறை பதிந்துவிட்டுப் போவதைக் கண்டதும், தொலைபேசிக்குப் பக்கத்தில் தானே ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டார். ரிசீவரில் ஒட்டிய எண்ணெயைத் துடைப்பது என் வேலை. ஒவ்வொரு நாளும் துடைக்கிறேன்.

பெப்ரவரியில் எனக்கு வலத்தோள் பிடித்துக்கொண்டது. கை உயர்த்தி யன்னல் துடைக்க முடியவில்லை. மாலியா என்னையும் அந்தக் கதிரையில் இருத்தி, அதே கேள்வியைக் கேட்டார். ஒருவரோடும் இல்லை என்றேன். அவர் தோளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சரி, தான் அவசரப்படவில்லை என்று சொல்லிக் கோப்பி குடிக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு காணும்போதெல்லாம் புருவத்தை உயர்த்துவார். நான் வாளியோடு மற்றப் பக்கம் திரும்பிவிடுவேன்.

அந்த நாட்களில் அண்ணை ஒருக்கால், “உன்ர மனுசன் பேப்பருகளை நேரத்துக்கு அனுப்பியிருந்தா இப்ப இஞ்ச நிண்டிருப்பார்” என்றார். நான் உங்களுக்காக ஒரு சொல்லும் சொல்லவில்லை. உங்களை இங்கே கூப்பிடக் கோயில் விவாகப் பத்திரம் போதாது, பதிவுப் பத்திரம் வேண்டும் என்று கேட்டிருந்தேன். பதிவுப் பத்திரம் எடுக்கும் கச்சேரிக்குப் போகும் பாதை சண்டையால் பூட்டு என்று எழுதினீர்கள். பத்திரம் நாலு மாதம் கழித்து வந்தது. பாதை பூட்டு என்பது சாட்டு, உங்களுக்கு வர மனமில்லை என்று நான் எழுதினேன். நீங்கள் நாலு வரியில் பதில் போட்டீர்கள். அதன் பிறகு ஒன்றும் இல்லை.

போன கிழமை அகதிகள் அலுவலகத்துப் பெண் பத்திரிகையைக் காட்டி விளங்கப்படுத்தினார். மேலிடத்தில் எங்கள் ஆட்களின் குடும்ப விண்ணப்பங்களை வேண்டுமென்றே எடுக்காமல் வைத்திருந்தார்களாம். அது சட்டத்துக்கு மாறு என்று இப்போது விசாரித்துச் சொல்லியிருக்கிறார்களாம். உங்கள் பத்திரம் முதல் நாளே வந்திருந்தாலும் ஒன்றும் நடந்திராது. இனிக் கோப்புகளை எடுத்துப் பார்ப்பார்கள் என்றார். அவர் சந்தோஷமாகச் சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அத்தான், செய்தி அறிந்த பிறகு மன்னிப்புக் கேட்பது சுலபம். அறியாமலே உங்களை நம்பியிருக்க வேண்டும். அதைத்தான் நான் செய்யவில்லை. என்னை மன்னியுங்கோ.

இன்று மாலியாவிடம் எல்லாம் சொன்னேன். இதை உன் மனுசனிடம் சொன்னாயா என்று மட்டும் கேட்டார். அங்கே ஃபோன் இல்லை என்றேன். உடனே மசாஜ் கட்டிலின் மேல் பலகை ஒன்றை வைத்து, பேனையும் தந்து, வெளியே போய்க் கதவடியில் நிற்கிறார். அறை ஏன் பூட்டு என்று முதலாளி அம்மா இரண்டு தரம் கேட்டுவிட்டார். ஆள் உள்ளே இருக்கிறது என்று மாலியா சொல்வது கேட்கிறது. ஓரத்தில் எண்ணெய் ஊறியிருந்தால் குறை நினைக்க வேண்டாம். இங்கே எதைத் தொட்டாலும் எண்ணெய்.

தோள் இன்னும் வலிக்கிறது. மாலியா கை வைக்கத் தயார்தான். நான்தான் மறித்துவிட்டேன். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், மற்றவர் இன்னும் ‘விட்டுவிட்டேன்’ என்று சொல்லவில்லை. விசா வரும்போது வரட்டும். அதற்கு முதல் நீங்கள் எழுதுங்கோ. நாலு வரி போதும், ஒரு சொல்லென்றாலும் போதும். பேசாலை மாதா உங்களையும் மாமியையும் காப்பாராக.

உங்கள்
யசிந்தா