காய்ச்சலுக்கு முன்பே வந்தவனுக்கு

இன்று காலை பஞ்சாயத்து ஆட்கள் தெருவோரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த வெள்ளையைப் பார்த்ததும் உன் நினைவு வந்தது, கூடவே கோபமும். நீ இருந்தவரை உன்னை ஒரு வார்த்தை கடிந்து பேசும் துணிவு எனக்கு இருந்ததில்லை. இப்போது வரிசையாக எழுதுகிறேன்.

1. வந்தது புது நோய் என்பதை நீ ஏற்கவே இல்லை.
2. என் வீட்டுக்குள் முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக் கத்திப் பேசினாய்.
3. உன் உடம்பு சரியில்லாததை என்னிடம் மறைத்தாய்.

முதலாவது. நான் சுகாதார ஆய்வாளராக இருந்தபோது லைட்ஹவுஸ் குப்பத்தில் காலரா வந்தது. கிணறு கிணறாக நான் பிளீச்சிங் பவுடர் கலக்க, மீன் ஏலம் கூவும் அதே குரலில், "கொதிக்க வெச்சி குடிங்கம்மா" என்று நீ தெருத்தெருவாகக் கத்தினாய். நோய் அடங்கியது. அது உன் தலைக்கு ஏறிவிட்டது. கொரோனா வந்தபோதும், "தண்ணி சுத்தமாத்தான கீது? அப்புறம் இன்னாத்துக்கு பயப்படுற இன்ஸ்பெக்டரு?" என்றாய். இது தண்ணீரில் வருவதில்லை, மூச்சில் வருகிறது என்றேன். முன்பு வேறு நாடுகளில் பரவிய இதே இனத்து நுரையீரல் நோய், பெரும்பாலும் ஆள் படுத்த பிறகுதான் அடுத்தவருக்குத் தொற்றியது. காய்ச்சல்காரரைப் பிரித்துவைத்தே அதை அடக்கினார்கள். இதுவோ காய்ச்சலுக்கு முன்பே, நன்றாக நடமாடும் ஆளிடமிருந்தே பரவும் என்றேன். ஏலக்கூடத்தில் எல்லோர் முன்பும், "நம்ம இன்ஸ்பெக்டருக்கு காத்தப் பாத்தாலே பயம்பா" என்று சொல்லிச் சிரிக்கவைத்தாய்.

இரண்டாவது. அன்று மழை. என் மனைவிக்கென்று நண்டு கொண்டுவந்தாய். வாசலில் நிறுத்தி, துப்பாக்கி மாதிரியான காய்ச்சல் மெஷினை நீட்டி உன் நெற்றியில் சூடு பார்த்தேன். காய்ச்சல் இல்லை. "இன்னா, சுட்டுட்டியா? பொழைப்பனா?" என்றாய். "நீங்க உள்ள வாங்கண்ணே. இவரு மிஷினக் காட்டியே வர்றவங்கள வெரட்டிடுவாரு" என்றாள் அவள். சாரலுக்காக சன்னல்களைச் சாத்தியிருந்தோம். கவசத்தை இறக்கிவிட்டு அன்றைய ஏலத்தை முழுவதும் நடித்துக் காட்டினாய். கடற்கரைக் காற்றில் கலைந்துபோயிருக்கும் உன் மூச்சு, மூடிய அறையில் அங்கேயே நின்றது. எதிரே உட்கார்ந்து அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மறுநாள் நீ காய்ச்சலில் படுத்தாய். ஐந்தாம் நாள் அவள். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், திரும்பவில்லை. அதே வாரம் நீயும் போய்விட்டாய். யாரிடம் கேட்பேன்?

மூன்றாவது. இதை நான்கு முறை எழுதி அடித்தேன். நீ மறைத்தாய் என்றுதான் என் மகளிடம் சொன்னேன். அதைக் கேட்டதிலிருந்து அவள் உன் வீட்டாரோடு பேசுவதில்லை. உன் மனைவி எதிரே வந்தால் மறுபக்கம் போய்விடுகிறாள்.

நான் அவளிடம் சொன்னது தவறு. வாசலில் நான் சூடு பார்க்கும்போதே நீ சொன்னாய்: "காலைலேர்ந்து மீன் வாசனையே தெரில இன்ஸ்பெக்டரு. கருவாட்டு மேல படுத்தாலும் ஒண்ணியும் தெரியாது போல. மூக்கும் உன்ன மாரி ரிட்டயர் ஆயிடுச்சி." மோந்து பார்த்தே மீனுக்கு விலை சொல்கிறவன் நீ. வாசனை போவது இந்த நோயின் அடையாளம் என்று நான் படித்திருந்தேன். ஆனாலும் காய்ச்சல் இல்லையே என்று, உன்னோடு சேர்ந்து சிரித்துவிட்டு, விலகி வழிவிட்டேன்.

முதல் இரண்டும் அப்படியே நிற்கின்றன. அவற்றுக்காக உன்னை மன்னிக்கவில்லை. மூன்றாவதை அடித்துவிடுகிறேன். காகிதத்தில் அடிப்பது எளிது. என் மகளிடம் இன்னும் சொல்லவில்லை.