பன்னிரண்டுக்கு மேற்பட்ட திகதி

நவம்பர் 4, செவ்வாய்

விடிய முதல் தூறல். வாவிப் பக்கம் கறுத்துக் கிடக்கிறது. துணி காயவில்லை.

கோயில் இணையத்தளத்தைச் செய்த ஜெயந்தி பெரியகல்லாற்றிலிருந்து பஸ்ஸில் வந்தாள். ஞானஸ்நானப் புத்தகங்களைப் பார்த்து ஆறு வருடமாக என் கணினியில் நான் அடித்த பதிவுகளைப் போன வாரம்தான் அதோடு இணைத்தாள். நான் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போதே இணையத்தளமும் அதை வாசிக்கிறதாம். விநோதம். பெயர், ஞானஸ்நானத் திகதி இரண்டும் கொடுத்தால்தான் பதிவு காட்டும். வம்புக்குத் தேடுகிறவர்களைத் தடுக்க நான் போட்ட நிபந்தனை.

வெளிநாட்டில் பதினொரு பேர் தேடியும் "பதிவு இல்லை" என்று வந்ததாம். பங்குச்சபைச் செயலாளர் அமலதாஸ் வாசலில் நின்றே சொன்னார்: "குறை நினைக்காதீங்க ரீச்சர். வயசு போனா கண் பிழைவிடும்தானே. ஞாயிறு கூட்டத்தில பேசி, வேற ஆக்களைக் கொண்டு முழுக்கத் திரும்ப அடிப்பிப்பம்."

"கண்ணாடி மாத்தி ஆறு மாசந்தான்."

தேநீர் கொடுக்கவில்லை.

நவம்பர் 5, புதன்

என் கணினியில் பெயரை மட்டும் கொடுத்துத் தேடினேன். பதினொரு பேரும் இருக்கிறார்கள். அப்படியானால் இணையத்தளம் ஏன் இல்லையென்கிறது?

பரிசோதனை:
என்னுடையது, ஓகஸ்ட் 28 – வந்தது.
என் கணவருடையது, பெப்ரவரி 3 – இல்லை. இறந்து ஒன்பது வருடம். ஞானஸ்நானமும் இல்லையாம்.
மச்சாள், மே 17 – வந்தது.
அவளுடைய மூத்தவள், ஜூன் 6 – வந்தது. இது ஏன்?

சோறு அடிப்பிடித்துவிட்டது.

நவம்பர் 6, வியாழன்

நாற்பது பெயர் போட்டுப் பார்த்தேன். பதின்மூன்றாம் திகதி முதல் எல்லாம் வருகிறது. பன்னிரண்டு வரை இல்லை. நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருந்தால் மட்டும் வருகிறது.

ஜெ.க்குத் தொலைபேசி. கண்டதைச் சொன்னேன். அவள்: "ஐயோ ரீச்சர், என்ர பிழை. இணையத்தளத்தில இருந்து திகதி போகக்குள்ள, உங்கட கோப்பு அமெரிக்கன் முறையில மாசத்தை முன்னுக்கு வாசிக்குது. பெப்ரவரி மூண்டு, மார்ச் ரெண்டாப் போகுது."

"அப்ப இருபத்தெட்டு?"

"இருபத்தெட்டாம் மாசம் இல்லைதானே. அதைத் தானே நாளெண்டு எடுத்துக்கொள்ளும்."

"கேளாமலா?"

"கேளாமத்தான்."

இந்தக் கணினி, பாதி நாள் சரியாகவும் பாதி நாள் பிழையாகவும் நடக்கிற வேலைக்காரி. ஆனால் கெட்டிக்காரி.

நவம்பர் 7, வெள்ளி

ஜெ. திகதியில் வருடம், மாதம், நாள் என்று வருடத்தை முன்னுக்குப் போட்டுத் திருத்திவிட்டாள். என்னவர் வந்துவிட்டார். பதினொரு பேரில் பத்துப் பேரும். அமலதாஸுக்குச் சொல்லியாயிற்று.

பதினோராவது ஆள் கொடுத்த திகதி ஏப்ரல் 19. இன்னும் இல்லை. பத்தொன்பதில் கணினி பிழைவிடாது. நான் கண்டுபிடித்த விதி.

நவம்பர் 8, சனி

குடையோடு கோயிலுக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தேன். 19. சுவாமியாரின் ஒன்பது தெளிவாகவே இருக்கிறது. நான் அடித்தது 16.

நவம்பர் 9, ஞாயிறு

கூட்டம். அமலதாஸ் எழுந்து, "ரீச்சரில பிழை இல்ல, கணினியிலதான்" என்றார். கை தட்டினார்கள். எழுந்தேன்.

"பத்து கணினியின்ர. ஒண்டு என்ர."

"ஒண்டுதானே ரீச்சர், விடுங்க."

"தெரிஞ்சது ஒண்டு. முழுப் புத்தகத்தையும் ஒப்புப் பார்க்கவேணும். ஒருத்தர் வாசிக்க, நான் பார்க்கிறன்."

"ஆர் வாசிக்கிற?" என்றார் அமலதாஸ்.

"நீங்கதான். உங்கட கண் நல்லம்தானே."