உன் அறைத்தோழியின் கீபோர்டு

ஜூன் 4

அடி தவளை,

உன் கடிதம் வந்தது. விடுதியில் போனைப் பிடுங்கி வைத்துக்கொள்வதால் எனக்குக் கிடைத்த லாபம் உன் கோழிக் கிறுக்கல்தான். நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் மூன்றரைப் பக்கம் உன் அறைத்தோழி. அவளுடைய மிடி கீபோர்டு தானாகச் சத்தமே போடாதாம், லேப்டாப்பில் செருகினால்தான் பேசுமாம். ஒரே ஒரு கட்டையை அழுத்தினால் மூன்று சுரமும் சேர்ந்து முழு கார்டாகக் கொட்டுமாம். நல்லது. என் ஆர்மோனியப் பெட்டியில் ஒரு கார்ட் பிடிக்க எனக்கு மூன்று விரல் வேண்டும். அதைப் பழக ஒரு மழைக்காலமே போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டவள் நீதானே.

பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து எனக்குத் தையல் கடைதான். நேற்று நம் பாட்டை நினைத்துக்கொண்டே துணிமேல் விரலை ஓட்டியிருக்கிறேன் போலிருக்கிறது. கடை அக்கா, "ஏண்டி, சட்டைக்கு பட்டன் வைக்கச் சொன்னா கச்சேரி வைக்கிறியா?" என்றாள்.

உன் அறைத்தோழி உன்னைவிட அழகா? சும்மாதான் கேட்கிறேன்.

இருந்த இடத்திலேயே இருக்கும்,
ஊமச்சி


ஜூன் 15

என் ஊமச்சிக்கு,

அழகெல்லாம் இல்லை. குறட்டை விடுகிறாள். போதுமா?

ஒரு செய்தி. கல்லூரி விழாவில் நான் பாடுகிறேன். நம் பாட்டைத்தான், நீயும் நானும் மொட்டைமாடியில் உட்கார்ந்து கட்டிய பாட்டை. அவள் வாசிப்பாள். நீ பிடிக்கும் கார்டுகளை வரிசையாக எழுதி அனுப்பு. எந்தக் கட்டைக்கு எந்தக் கார்ட் என்று லேப்டாப்பில் பதிந்துவிட்டால், அவள் ஒரு விரலால் தட்டினாலே உன் வாசிப்பு வந்துவிடும். "உன் ஃப்ரெண்ட் வராமலே வந்த மாதிரி இருக்கும் பாரு" என்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சீக்கிரம் எழுதுடி.

உன் தவளை


ஜூன் 21

தவளைக்கு,

வராமலே வந்த மாதிரி. நன்றாகத்தான் பேசுகிறாள். கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடாமல் என் புடவையை மட்டும் இரவல் கேட்பது போல.

பல்லவி முதல் வரிக்கு சி மேஜர், ஏ மைனர். இரண்டாம் வரியில் நீ மேலே ஏறி நிற்கும் இடத்துக்கு எஃப் மைனர், பிறகு ஜி மேஜர். சரணத்துக்கும் இதேதான்.

விழாவுக்கு வர முடியாது. கடையில் லீவு தரமாட்டார்கள். கேட்டுப் பார்க்கவில்லை, கேட்டாலும் தரமாட்டார்கள்.

அவள் விரல் வலிக்காமல் வாசிக்கட்டும்.

ஊமச்சி


ஜூலை 2

ஊமச்சி,

நேற்று ஒத்திகை. இரண்டாம் வரியில் நான் ஏறி நின்றேன். அடியில் அவள் அழுத்திய கார்ட் என் சுருதியோடு முட்டிக்கொண்டது. எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. "பாவம், உன் ஃப்ரெண்ட் மறந்து எழுதிட்டாங்க போல" என்றாள். நானும் ஆமாம் என்றேன். கரண்ட் போன இருட்டிலும் அந்த இடத்தில் எஃப் மேஜரைத் தடவாமல் பிடிப்பவள் நீ. நீயா மறந்துபோய் மைனர் என்று எழுதுவாய்?

அவள் ஒரு குமிழைத் திருப்பித் திருப்பி அந்தக் கட்டையில் வேறு வேறு கார்டுகளை வரவைத்தாள். ஒன்று வந்தபோது எனக்குப் பாடவே வரவில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது. உன் எஃப் மேஜரைவிட நன்றாக இருந்தது. உனக்கு வலிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். விழாவில் அதை வைத்துத்தான் பாடப்போகிறேன்.

இனி உன்னிடம் எதையும் கேட்கமாட்டேன்.

தவளை


ஜூலை 8

தவளை,

வேண்டுமென்றேதான் எழுதினேன். நீ கண்டுபிடித்துவிடுவாய் என்றும் தெரியும். கண்டுபிடித்து, "நீ இல்லாமல் முடியாது, கிளம்பி வா" என்று எழுதுவாய் என்று நினைத்தேன். அவள் ஒரு குமிழைத் திருப்பிச் சரிசெய்வாள் என்று நினைக்கவில்லை.

உன் கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். 'உன் எஃப் மேஜரைவிட' என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. அப்படி என்ன கார்ட்? கடை விட்டு வந்ததும் அதைத்தான் தேடுகிறேன். அம்மா, "சோறு ஆறுது, அந்தப் பொட்டியையே கட்டிக்கிட்டுத் தூங்கு" என்று கத்துகிறாள்.

இன்று எஃப் மேஜரை அப்படியே பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் அதற்குக் கீழே இருக்கும் டி கட்டையையும் தொட்டேன். உன் குரலை மனதுக்குள் அதன்மேல் ஏற்றிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, சனியன்.

அதுதானா என்று அவளிடம் கேட்டு எழுது. நான் கேட்டதாகச் சொல்லாதே.

ஊமச்சி