கையெழுத்துக்காகக் கற்ற மொழி

அன்புக்குரிய காக்கா, என் மூத்தவரே, உங்கள் கபுறுக் குழியை அல்லாஹ் விசாலமாக்கி வைக்கட்டும்.

நீங்கள் ஸ்பெயினில் மௌத்தாகி எட்டு மாதம். அங்கே நீங்கள் கதைத்த மொழியை இப்போது நான் படிக்கிறேன். ஐம்பத்தொரு வயதில், கல்முனையில், பள்ளிப் பிள்ளைகளின் கணிதக் கொப்பிகளைத் திருத்தி முடித்த பிறகு. பாசத்தில் என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் மகள் நூரியாவுக்குத் தமிழ் தெரியாது. சாகாமத்து வயலில் வாப்பா உங்கள் பெயருக்கு எழுதிய துண்டில் அவளுக்கும் பங்கு வர வேண்டும். பங்கை விட்டுக்கொடுப்பதாக ஒரு தாளில் அவள் கையெழுத்து வைத்தால் அது எனக்கும் தங்கச்சிக்கும் ஆகிவிடும். வழி சொன்னவர் தங்கச்சியின் கணவர்.

"மச்சான், போனில மொழிபெயர்த்துக் காட்டினா புள்ள பயந்திரும். நீங்க படிச்ச மனுசன், வாயால கதைங்க. வாப்பாட தம்பி, சாச்சா நீங்க கேட்டா மறுப்பாளா?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் தங்கச்சிக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் மூத்தவன் தன் வாழ்க்கையைப் பார்க்கமாட்டான். நீங்கள் அத்திவாரத்தோடு விட்டுவிட்டு விமானம் ஏறினீர்கள். மிச்சத்தைக் கட்டியது யார்? படுக்கையில் கிடந்த வாப்பாவைக் கழுவித் துடைத்தது யார்? உங்கள் வயலுக்கும் சேர்த்து வரம்பு கட்டியது யார்?

ஆகவே படித்தேன். ஒழுங்கான வினைகள் மூன்று வகை. ஆர், ஏர், ஈர் என்று முடியும். அந்த முடிவை நீக்கிவிட்டு ஆளுக்கு ஏற்ற முடிவை ஒட்ட வேண்டும். முதலில் படித்தது ஃபிர்மார், கையெழுத்து வைப்பது. ஃபிர்மோ, வைக்கிறேன். ஃபிர்மாஸ், வைக்கிறாய். ஃபிர்மா, வைக்கிறாள். அடுத்தது பெந்தேர், விற்பது: பெந்தோ, பெந்தெஸ், பெந்தே. பிபீர், வாழ்வது: பீபோ, பீபெஸ், பீபே. மதரஸாவில் அறபு வினைகளை ஆடி ஆடி ஓதுவோமே, அதே ராகத்தில். அங்கே 'அவன்' முதலில் வரும், 'நான்' கடைசியில். அந்தப் பழக்கத்தில் இதையும் தலைகீழாகவே ஓதினேன்.

குசினியிலிருந்து என் மனைவி கேட்டாள்: "இஞ்ச, எந்த மௌத்து வீட்டுக்கு இந்த ஓதல்?"

போன வெள்ளி, ஜும்ஆ முடிந்து வந்ததும் நூரியா வீடியோவில் வந்தாள். பத்தொன்பது வயது, உங்கள் நெற்றி. நான் தாளைத் தூக்கிக் காட்டி, ஃபிர்மா, ஃபிர்மாஸ் என்று தடுமாறினேன். அவள் சிரித்தாள். விரலை உயர்த்தி, எனக்கே வகுப்பெடுப்பவளைப் போல ஒவ்வொன்றாகத் திருத்தினாள். என்ன தாள் என்று கேட்கவேயில்லை.

"ஓம் சாச்சா, ஃபிர்மோ."

சம்மதம் சொல்லும் நம் ஊர் 'ஓம்', அதை அவளுக்கு எப்போது சொல்லிக்கொடுத்தீர்கள், காக்கா? நீங்கள் அழைக்க அழைக்க நான் போனை எடுக்காதிருந்த பதினொரு வருடத்திலா? என்னைப் பற்றி அவளிடம் என்னதான் சொல்லி வைத்தீர்கள், இப்படி நம்புகிறாளே?

நேற்றும் மச்சான் வந்தார்.

"தாள் அனுப்பியாச்சா?"

"இன்னும் இல்ல."

"புள்ளையே ஓமெண்டிட்டா. உங்களுக்கென்ன நோவு?"

நோவு இதுதான், காக்கா. உங்களை மன்னிக்க இன்றைக்கும் முடியவில்லை. நீங்கள் என்னை மன்னித்தீர்களா என்று கேட்க ஆள் இல்லை. இந்த வயதில் புதிதாகக் கற்ற ஒன்றையும், வாப்பா இல்லாத ஒரு பிள்ளையிடம் பறிப்பதற்கே கற்றேன். இதற்குப் பிறகு நான் எந்த முகத்தோடு வகுப்பறைக்குள் போவது?

உங்களுக்குத் தனியாக எழுதினால் கிழித்துவிடுவேன். அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஊர் வாசித்த பிறகு பின்வாங்க முடியாது. வரும் வெள்ளி நூரியாவிடம் சொல்வேன்: கையெழுத்து வைக்காதே, அந்தப் பங்கு உன்னுடையது, அதை எடுக்கப் பார்த்தவன் நான். சொற்கள் வாயில் வராவிட்டால் எழுதிக் காட்டுவேன். அதற்குப் பிறகு அவள் அழைக்காமல் போகலாம். போனாலும் சொல்வேன்.

உங்கள் மேல் கோபம் தீராத தம்பி,
நூரியாவுக்கு இன்னும் ஒரு வெள்ளி வரைக்குமாவது சாச்சா.