கங்கம்மா ஜாத்திரையில் வாங்கிய திட்டு

சந்திரம்மாவுக்கு, திருப்பதியிலிருந்து அப்பாவு. நான் சுகம். நீயும் உன் வாயும் சுகந்தானே?

திருத்தணி ஆந்திராவுக்கா, மெட்ராசுக்கா என்று நாங்கள் சண்டை போட்டதிலிருந்து, என்னோடு அறையில் இருக்கும் தெலுங்குக்காரன் நாகபூஷணம் ஒரு மாதமாகப் பேசவில்லை. சுவரோடு பேசிக்கினு கிடந்தேன்.

இங்கே கங்கம்மா ஜாத்திரையில் வேஷம் கட்டினவர்கள் எதிரே வருகிறவர்களைத் திட்டுவார்கள். அது அம்மனுக்கு வேண்டுதல். முகத்தில் கரி பூசி வந்த நாகபூஷணம் என்னைப் பார்த்ததும், "டேய் அரவப் பயலே, துன்னுட்டுத் துன்னுட்டுத் தூங்கறியே!" என்றான், தமிழிலேயே. தமிழனை இங்கே அரவம் என்பார்கள். உன்னிடம் திட்டு வாங்கிப் பழகியவன் விடுவேனா? தெலுங்கில் திருப்பிக் கொடுத்தேன். சிரித்துவிட்டான். பிறகு சேர்ந்து கூழ் குடித்தோம். அவன் அதை அம்பலி என்கிறான்.

அம்மனுக்காகத் திட்டினானா, என்னோடு பேசத் திட்டினானா? கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறான்.

நார்த்தங்காய் ஊறுகாய் இரண்டு ஆளுக்கு அனுப்பு. உறையை ஒட்ட அவன் சோற்றுப் பருக்கையோடு நிற்கிறான், முடிக்கிறேன்.

அப்பாவு